இடது நாற்பத்து மூன்று, வலது நாற்பத்து மூன்றரை

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது மற்றவர்கள் முகம் பார்ப்பார்கள், நான் கால் பார்ப்பேன். ஆம்பூரில் இருபத்தாறு வருடமாக ஷூ கம்பெனியில் காலம் தள்ளுபவனுக்கு வேறு என்ன பார்க்கத் தெரியும்? அபுதாபியில் இறங்கிப் பெட்டிக்காக நின்ற பத்து நிமிடத்தில் மூன்று பேர் அளவு தப்பான ஷூ போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒருவரிடம் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெட்டி வந்துவிட்டது, பிழைத்தார்.

என்னை அனுப்பியது கம்பெனி. அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் இருக்கும் ஒரு வியாபாரி வழியாகக் கட்டுமானத் தொழிலாளிகளுக்கு சேஃப்டி ஷூ அனுப்புகிறோம். அதில் அடி கழன்று வருகிறது என்று புகார். அதுவும் கோடையில் மட்டும். எங்கள் ஊர் சோதனைக் கூடத்தில் வளைத்து, முறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, எல்லாவற்றிலும் தேறிய சரக்கு. "நீயே போய் என்னன்னு பாத்துட்டு வா உமாபதி. இல்லன்னா அடுத்த ஆர்டர் போயிடும்" என்றார் முதலாளி. நான்கு நாள் வேலை. தங்குவதற்கு மச்சான் அறை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி சேகர். குடியாத்தத்துக்காரன், முசஃபாவில் ஒரு கராஜில் மெக்கானிக். விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை, வண்டி ஏதோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாம். நானே பஸ் பிடித்தேன். குளிரூட்டிய பஸ், சுத்தமான ஜன்னல், பேரீச்சை மரங்கள் என்று ரசித்துக்கொண்டே போனதில் கடல் வந்துவிட்டது. முசஃபாவில் கடற்கரை இருப்பதாக சேகர் சொன்னதே இல்லையே என்று யோசித்தபோதுதான் எதிர்த்திசையில் வந்துவிட்டது புரிந்தது. நம் ஊராக இருந்தால் கண்டக்டர் நாலு வார்த்தை திட்டி வழியில் இறக்கிவிட்டிருப்பார். இங்கே கண்டக்டரே இல்லை, திட்டுவதற்கும் ஆள் இல்லை.

"இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம எங்க பூட்டீங்க?" என்று சேகர் போனில் கத்தினான். இரண்டு மணி நேரம் கழித்துத் தன் பிக்கப்பில் வந்து அள்ளிக்கொண்டு போனான்.

கராஜுக்கு மேல் மாடியில் அறை. நான்கு கட்டில். ஒன்றில் சேகர், ஒன்று எனக்கு, ஒன்று லீவில் ஊருக்குப் போன ஒரு பெயின்டருடையது. நான்காவது கட்டிலைத் தாண்டி ஒரு ஜோடி பாதங்கள் ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் முதலில் பார்த்தது அந்தப் பாதங்களைத்தான். முன்பக்கம் விசிறி போல விரிந்த அகலம். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் நீளம். வெறுங்காலில் வருடக்கணக்கில் ஓடியவனுக்குத்தான் அப்படி இருக்கும்.

அவன் விழித்தபோது, முன்பின் தெரியாத ஒரு தமிழன் குனிந்து தன் காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். வேறு யாராக இருந்தாலும் உதைத்திருப்பான். இவன் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாக மூன்று முறை தட்டி வணக்கம் சொன்னான். அவன் ஊரில் பெரியவர்களுக்கு அதுதான் மரியாதையாம்.

பெயர் கசோண்டே, வயது இருபது. ஜாம்பியா நாட்டில் லுவான்ஷியா என்ற தாமிரச் சுரங்க ஊர். தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரன். அபுதாபியில் இரண்டாம் வரிசைக் கிளப் ஒன்றில் பத்து நாளாக டிரையல். வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு இடம், போட்டிக்கு மூன்று பேர். வியாழக்கிழமை மாலை கடைசி ஆட்டம், அதைப் பார்த்துத்தான் கோச் முடிவு செய்வார். தேறினால் இரண்டு வருட ஒப்பந்தம். தேறாவிட்டால் சனிக்கிழமை ஃப்ளைட். அவனுடைய பெரியம்மா மகன் பக்கத்துக் கட்டடத்தில் செக்யூரிட்டி, அவன் சொல்லித்தான் சேகர் கட்டில் கொடுத்திருக்கிறான்.

பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அவனுடையது பள்ளிக்கூட ஆங்கிலம், என்னுடையது ஃபேக்டரி ஆங்கிலம். நடுவில் சேகரின் இந்தி. எப்படியோ வண்டி ஓடியது. அவன் என்னை 'பா உமாபதி' என்றான், சேகரை 'பா சேகர்' என்றான். அந்த 'பா' அவன் மொழியில் மரியாதைக்கு முன்னால் போடுவது.

"உன் ஷூ அளவு என்ன?" என்றேன்.

"தெரியாது பா உமாபதி. நாற்பத்து மூன்று போடுவேன். வலது கொஞ்சம் கடிக்கும், பழகிவிட்டது."

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். இடது நாற்பத்து மூன்று, வலது நாற்பத்து மூன்றரை. "இத்தனை வருஷமா உன் வலது கால் ஜெயில்ல இருந்திருக்கு" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்தால் கட்டிலும் சேர்ந்து சிரிக்கும், கட்டில் அப்படி.

செவ்வாய்க்கிழமை வியாபாரியோடு ஒரு கட்டுமானத் தளத்துக்குப் போனேன். ஆகஸ்ட் வெயில். நம் வேலூர் வெயிலைப் பற்றி இனி யாராவது பெருமை பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெளிவேலை கூடாது என்பது இங்கே கோடைக் கால விதி. ஆட்கள் தங்களை ஏற்றிவந்த பஸ்ஸுக்குப் போய் சேஃப்டி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு ஏ.சி. கொட்டகையில் போய்ப் படுத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எனக்குத் தன் சாப்பாட்டில் பாதி புளிசாதம் கொடுத்தார். நான் சாதம் சாப்பிட்டேன், ஷூக்களை வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வியாபாரி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஆர்டர் கொஞ்சம் தூரம் போய்விட்டது தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு சேகர் பெருமையாக ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். 'ஆம்பூர் பிரியாணி' என்று தமிழிலேயே போர்டு. சீரகச் சம்பா இல்லை, கத்தரிக்காய்த் தொக்கு இல்லை, மேலே வறுத்த முந்திரி வேறு. சமைத்தவர் ஆம்பூரை மேப்பில்கூடப் பார்த்ததில்லை என்று சூடம் அடித்துச் சொல்வேன். கசோண்டே மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "உங்கள் ஊர் மிக நல்ல ஊர்" என்றான். மறுக்க மனம் வரவில்லை.

புதன்கிழமை பழிக்குப் பழியாக அவன் சமைத்தான். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி மரக்கரண்டியால் துழாவ ஆரம்பித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. களி! எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கு வெள்ளைக்காரத் தம்பி மாதிரி. அவர்கள் இதை நிஷிமா என்கிறார்கள். தொட்டுக்கொள்ள, ஏரியில் பிடித்து உலர்த்திய பொடி மீனைத் தக்காளியில் வதக்கினான். அசல் நெத்திலிக் கருவாடு. கையால் உருட்டி, குழி பண்ணி, குழம்பை அள்ளி, வாயில் போட்டு. உருட்டும் விதம்கூட ஒன்றுதான்.

"மாமா, இவன் நம்ம ஆளு. பேர்ணாம்பட்டுல எங்கியோ தப்பிப் போனவன்" என்றான் சேகர் வாய் நிறைய.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன், எப்படி ஆட்டத்துக்குள் வந்தாய் என்று. கசோண்டே விரலை நக்கிக்கொண்டே சொன்னான்.

"பாதத்தால் வந்தேன். பதினேழு வயதில் எங்கள் ஊர்க் கிளப்பில் சேர்ந்தேன். இருபத்து நான்கு பேர், நல்ல பூட்ஸ் பன்னிரண்டு ஜோடி. ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவன் கோட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுப்பான். உள்ளே போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவான். அதனால் எங்கள் கோச் ஆட்டத்தைப் பார்த்து ஆள் மாற்ற முடியாது, அளவைப் பார்த்துத்தான் மாற்றுவார்."

"அட!"

"ஒருநாள் இடது ஓரம் ஆடுகிறவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவர் நாற்பத்து மூன்று. பெஞ்சில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் நாற்பது, ஒருவர் நாற்பத்தொன்று, ஒருவர் நாற்பத்தைந்து. கோச் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பூட்ஸ் உள்ளே இன்னும் சூடாக, ஈரமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கோல் அடித்தேன்."

நானும் சேகரும் கை தட்டினோம். அதன்பின் லுசாக்காவில் ஒரு பெரிய கிளப்புக்கு டிரையல் போனானாம். அண்ணன் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். புதுசு கடித்து இருபது நிமிடத்தில் கொப்புளம், நொண்டி நொண்டி வெளியே வந்திருக்கிறான். ஒரு வருடம் கழித்து இரண்டாம் வாய்ப்பு. அதில் தேறினான். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியதுதான் இப்போது வைத்திருக்கும் பூட்ஸ். இரண்டு வருடமாக அதே ஜோடி. அவன் பாதத்துக்குத் தகுந்தபடி தோல் விரிந்து, வலது கால்கூட ஜெயிலில் ஓரளவு இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை அவன் பூட்ஸைக் கழுவித் துடைத்தான். மாலை ஆட்டத்துக்குள் காய வேண்டுமே என்று கவலைப்பட்டான். "இதுக்கு எதுக்குக் கவலை? வண்டி டேஷ்போர்டுல வை, பத்து நிமிஷத்துல அப்பளமாயிடும்" என்றேன் நான். ஷூ தெரிந்தவன் சொல்கிறானே என்று அவனும் வைத்தான். சேகர் என்னை வியாபாரியின் குடோனில் இறக்கிவிட்டு, பிக்கப்பை வெளியே வெயிலில் நிறுத்தினான். பத்து நிமிடம் என்று உள்ளே போனோம். வியாபாரி புகார்க் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். வெளியே வந்தபோது மணி மூன்று.

இடது பூட்ஸை எடுத்தேன். மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் தன் முள்ளோடு டேஷ்போர்டிலேயே படுத்திருந்தது. வலதை எடுத்தேன். அதுவும் அப்படியே.

சூடு பட்டால் பசை இளகும் என்பது எனக்குத் தெரியாததா? பசையைத் தடவி, ஹீட்டரில் காட்டி இளக வைத்து, அழுத்தி ஒட்டுவதுதான் என் வாழ்நாள் வேலை. ஹீட்டரின் சூடும் மூடிய வண்டியின் சூடும் இந்த ஊரில் ஒன்றுதான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அந்த நடுத்தெருவில், கையில் அடியில்லாத பூட்ஸோடு நின்றபோதுதான் பஸ்ஸில் கழற்றி வைத்த சேஃப்டி ஷூக்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. மதியம் இரண்டரை மணி நேரம், மூடிய பஸ், தினமும். நான் நான்கு நாளாகத் தேடிய பதில் அதுதான். ஆனால் அதைக் கொண்டாடும் நிலையில் நான் இல்லை. ஒரு பையனின் இரண்டு வருட வாழ்க்கையை அப்பளமாகப் பொரித்துவிட்டிருந்தேன்.

அறைக்குப் போய் அவன் முன்னால் நீட்டினேன். கசோண்டே பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்து, தன் பாதங்களைப் பார்த்தான்.

"புதுசு வாங்கிடலாம் மாமா, மால்ல கீது" என்றான் சேகர்.

"வேண்டாம்" என்று நானும் கசோண்டேயும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவனுக்கு லுசாக்கா நினைவு, எனக்கு அந்த அரை அளவு நினைவு.

"ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"நாலு மணி நேரம் இருக்கு. சேகரு, கீழ கார் சீட் தைக்கிற கடை இருக்கே, யாரு அது?"

கான் பாய் பெஷாவர்க்காரர். கார் சீட்டுக்குத் தோல் தைப்பவர். அவரிடம் வளைந்த ஊசி, மெழுகு பூசிய நைலான் நூல், நல்ல பசை எல்லாம் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும், தைத்துக்கொண்டிருந்த சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "பந்து ஆடுகிற பையனா? யல்லா, ஜல்தி!"

பழைய பசையைச் சுரண்டினேன். சேகர் சின்ன டிரில் பிட்டால் அடியின் ஓரம் முழுக்கத் துளை போட்டான். பசை தடவி, ஹீட் கன்னில் காட்டி, ஒட்டி, சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து டியூபை அவிழ்த்தேன். பிறகு நான் ஒன்று, கான் பாய் ஒன்று என்று தைக்க உட்கார்ந்தோம். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதால் பாதியிலிருந்து சிவப்பு. பக்கத்துக் கராஜ் ஆட்களெல்லாம் வந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெங்காலி ஒருவர் டீ வாங்கி வந்தார். கசோண்டே மட்டும் ஓரமாக நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடு தம்பி" என்றேன் தலை நிமிராமல். தமிழில்தான் சொன்னேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆறு மணிக்கு முடிந்தது. அவன் கைகளைக் குவித்துத் தட்டிவிட்டு பூட்ஸை வாங்கிக்கொண்டான். போட்டு, குதித்து, திரும்பி, நின்றான். "முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது" என்றான். நல்ல இறுக்கமா கெட்ட இறுக்கமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மைதானத்தில் விளக்கு வெளிச்சம், நூறு பேர் கூட இல்லை. அந்த நேரத்திலும் காற்று இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருந்தது. நானும் சேகரும் கான் பாயும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் அடியைப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு முறை வெட்டித் திரும்பும்போதும் என் உயிர் அந்தத் தையலில் தொங்கியது. தைத்த நூல் புல்லின் மேல் சிவப்பாக மின்னியது. பத்தாவது நிமிடத்தில் இடது ஓரமாக ஒரு ஓட்டம் ஓடினான் பாருங்கள், இரண்டு பேர் பின்னால் வந்து பாதியில் விட்டுவிட்டார்கள். அவன் தூக்கிக் கொடுத்த பந்தை நடுவில் இருந்தவர் தலையால் தட்டி வலைக்குள் போட்டார். "நம்ம தையல்! நம்ம தையல்!" என்று கான் பாய் என் முதுகில் அறைந்தார். இன்னும் வலிக்கிறது.

இரண்டாம் பாதியில் பாதி போனதும் ஆள் மாற்றினார்கள். கசோண்டே வெளியே வந்தான். கோட்டுக்கு அருகில் பளபளவென்று பச்சைப் பூட்ஸ் போட்டு ஓர் அரபுப் பையன் தயாராக நின்றான். கசோண்டே நேராக அவன் முன்னால் போய், தரையில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி, இரு கைகளாலும் மரியாதையாக நீட்டினான்.

அந்தப் பையன் விழித்தான். தன் புது பூட்ஸைப் பார்த்தான், நீட்டிய பூட்ஸைப் பார்த்தான். பிறகு பெஞ்சு முழுவதும் வெடித்துச் சிரித்தது. கசோண்டேவுக்கு அப்போதுதான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது உறைத்தது. பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டான்.

"போச்சு மாமா" என்றான் சேகர். "பட்டிக்காட்டு ஆட்டக்காரன்னு நெனைச்சிருப்பாங்க." பெஞ்சில் சிரிக்காமல் இருந்தவர் கோச் ஒருவர்தான், துனிசியாக்காரர், நரைத்த தாடி. ஆட்டம் முடியும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விசில் ஊதியதும் நேராக கசோண்டேவிடம் வந்தார். நாங்கள் வேலியை ஒட்டி நகர்ந்தோம். பூட்ஸை ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். கசோண்டே வெறுங்காலோடு எழுந்து நின்று, பன்னிரண்டு ஜோடிக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். கோச் கேட்டுக்கொண்டே ஒரு பூட்ஸை வாங்கி, திருப்பி, சிவப்பும் வெள்ளையுமாக ஓடிய தையலை விரலால் தடவினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற உடை, பூட்ஸ் பொறுப்பாளரிடம் அரபியில் ஏதோ சொன்னார்.

பொறுப்பாளர் பேனாவை எடுத்து கசோண்டேவைக் கேட்டார், "ஷூ அளவு?"

சேகருக்குப் புரியவில்லை, கான் பாய்க்குப் புரியவில்லை, கசோண்டேவுக்கே புரியவில்லை. இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவனுக்குப் புரிந்தது. சனிக்கிழமை ஊருக்கு அனுப்பப் போகிறவனிடம் யாரும் ஷூ அளவு கேட்க மாட்டார்கள்.

"அளவு?" என்று அவர் மறுபடி கேட்டார். பையன் அவரையும் கோச்சையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இடது நாப்பத்தி மூணு!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "வலது நாப்பத்தி மூணரை!"

எல்லோரும் திரும்பினார்கள். தமிழில் கத்தியிருக்கிறேன். விரல்களைக் காட்டி, காலைத் தூக்கிக் காட்டி, ஆங்கிலத்தில் மறுபடி கத்தினேன். பொறுப்பாளர் எரிச்சலோடு கோச்சைப் பார்த்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். "ஒரு காலுக்கு ஒரு அளவென்றால் இரண்டு ஜோடி வாங்க வேண்டும்."

கோச் வெறுங்காலில் நின்ற கசோண்டேவின் பாதங்களை முதல் முறையாகக் குனிந்து பார்த்தார்.

"வாங்கு" என்றார்.